டர்போவை மாற்றும் முன் ஒரு லெவல் டியூப் போதும்

போன வருஷம் ஜூன் மாதம் தொடங்கி நவம்பர் வரை என் கார் ஆயில் குடித்தது, நீலப் புகை விட்டது, வீட்டு வாசலில் சொட்டுச் சொட்டாக ஆயில் வடித்தது. அந்த ஆறு மாதத்தில் தேவையே இல்லாத வேலைகளுக்கு நான் கொடுத்த பணம் 66,100 ரூபாய். கடைசியில் கொத்தனார் மட்டம் பார்க்கிற லெவல் டியூபை வைத்துக் காரணம் என்னவென்று பார்த்தால், இன்ஜின் மூச்சு விடுகிற குழாயும் அதிலிருந்த ஒரு சின்ன வால்வும்தான். இதை யாராவது ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் என் மனைவியின் வளையல் அடகுக்கடைக்குப் போயிருக்காது. டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு, அதிலும் பழைய கார் வாங்கியவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. சென்னை தண்டையார்பேட்டையில் வீடு, ஹார்பர் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. ராயபுரம் ஆபீசிலிருந்து மணலி கன்டெய்னர் யார்டு, அங்கிருந்து மாதவரம் கோடவுன், மறுபடி ஆபீஸ் என்று என் கார் ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர்தான் ஓடும், ஆனால் இன்ஜின் நாலு மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிறபோது அதில் மாட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

கார் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அப்பாவுக்கு முழங்கால் வலி அதிகமாகி, ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போய் வருவது கஷ்டமாகிவிட்டதால் வாங்கினோம். 71,000 கிலோமீட்டர் ஓடிய நாலு சிலிண்டர் டர்போ பெட்ரோல் வண்டி. டர்போ என்பது எக்ஸாஸ்ட் வாயுவால் சுற்றி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிற சின்ன விசிறி. கம்பெனி பெயரை எழுதவில்லை, ஏனென்றால் இது ஒரு கம்பெனி வண்டிக்கு மட்டும் வருகிற பிரச்சினை இல்லை. முதல் ஒன்றரை வருஷம் ஒரு குறையும் இல்லை. ஜூனில் சிக்னலில் நிற்கும்போது ஏசி வழியாகச் சூடான ஆயில் வாசனை லேசாக வர ஆரம்பித்தது. மணலி பக்கம் போகிறவனுக்கு வாசனை எல்லாம் பழகிப்போன விஷயம், ரிஃபைனரி வாசனை என்று விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. அப்போதே பானெட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்திருந்தால் ஆயில் பாதிக்குக் கீழே போயிருப்பது தெரிந்திருக்கும்.

ஜூலையில் ஒரு நாள் அப்பாவை உட்கார வைத்துக்கொண்டு மூலக்கடை மேம்பாலம் ஏறுகிறேன், பின்னாலிருந்து ஒரு பைக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே பக்கத்தில் வந்து "அண்ணே, வண்டி புகையுது பாருங்க" என்றார். கண்ணாடியில் பார்த்தால் பின்னாடி நீலமாகப் புகை மண்டலம். பாலம் இறங்கியதும் நின்றுவிட்டது. சமமான ரோட்டில் மெதுவாகப் போனால் ஒன்றுமே இல்லை, மேடு ஏறும்போதோ ஆக்சிலேட்டரை அழுத்தி ஓவர்டேக் எடுக்கும்போதோதான் புகை. இந்த வித்தியாசத்தைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். எனக்கு அப்போது அது ஒரு தடயம் என்று தெரியாது, அப்பா முன்னால் பயத்தைக் காட்டாமல் வீடு வந்து சேர்வதிலேயே குறியாக இருந்தேன்.

முதலில் போனது கொஞ்சம் பெரிய கேரேஜ். டர்போவுக்குப் போகிற ஏர் ஹோஸைக் கழற்றினார்கள், உள்ளே ஆயில் பூசியிருந்தது. டர்போ அனுப்புகிற சூடான காற்றைக் குளிரவைக்கிற இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றியபோது ஒரு கரண்டி அளவு ஆயில் கொட்டியது. டர்போ வீலைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிக் காட்டி "ஷாஃப்ட் ஆடுது பாருங்க சார், டர்போ போயிடுச்சு" என்றார்கள். நான் அரைமனதாக, இன்ஜின் மூச்சு விடுகிற பிரீதர் குழாய் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன், எங்கேயோ படித்த ஞாபகம். அவர்கள் இன்ஜினை ஐடிலில், அதாவது நின்ற வண்டியில் ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஓடவிட்டு, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை அதன் மேல் வைத்தார்கள். கவர் உள்ளே இழுத்துக்கொண்டது. "உள்ள இழுக்குது சார், பி.சி.வி. ஓகே" என்றார்கள். இன்ஜின் மூச்சு விடுகிற ஏற்பாட்டுக்குத்தான் பி.சி.வி. என்று பெயர். கண்ணால் பார்த்தேன், நம்பினேன். ரீகண்டிஷன் டர்போ, பேக்கிங், கூலி எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய். பழைய டர்போவை எக்ஸ்சேஞ்சில் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். பி.எஃப். லோன் போட்டுக் கட்டினேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டர்போ ஷாஃப்ட் பெரும்பாலான வண்டிகளில் ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுற்றுகிற மாதிரிதான் செய்திருப்பார்கள். இன்ஜின் நின்று ஆயில் பிரஷர் இல்லாதபோது கையால் ஆட்டினால் பக்கவாட்டில் லேசாக ஆடத்தான் செய்யும், அது இயல்பு. முன்னும் பின்னும், அதாவது நீளவாக்கில் கைக்குத் தெரிகிற அளவு ஆடினால் தப்பு. வீல் பிளேடுகள் ஹவுசிங்கில் உரசிய தடம் இருந்தால் தப்பு. பிளேடு உடைந்திருந்தாலோ மடங்கியிருந்தாலோ தப்பு. என் டர்போவில் உரசிய தடம் எதுவும் இல்லை, நான் போனில் எடுத்த படம் இன்னும் இருக்கிறது. அந்த டர்போ நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கும்போது வயிறு எரிகிறது. உங்களிடம் யாராவது ஷாஃப்டை ஆட்டிக் காட்டினால், எந்தப் பக்கம் ஆடுகிறது என்று கேளுங்கள். பழைய டர்போவை உடனே கொடுத்துவிடாதீர்கள். புதிது போட்டு ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு எக்ஸ்சேஞ்ச் செய்யலாமா என்று பேசிப் பாருங்கள், ஒத்துக்கொள்கிற இடமும் இருக்கிறது.

சரியாக மூன்று வாரம். ஆகஸ்டில் மின்ட் மேம்பாலத்தில் மறுபடி அதே புகை. கேரேஜுக்குப் போனால் டர்போ மேல் தப்பில்லை என்றார்கள், வேறு ஏதோ இருக்கும் என்றார்கள். அதற்குள் கீழே இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் ஈரம். காலையில் காரை எடுத்தால் வாசலில் எட்டணா அளவு ஆயில் வட்டம், தினம் என் மனைவி கோலம் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில். இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டுக்குப் பின்பக்கம் இருக்கிற ஆயில் சீல் போய்விட்டது என்று கியர்பாக்ஸை இறக்கி சீல் மாற்றினார்கள், கூலியோடு 13,500. கார் இல்லாமல் பத்து நாள். அப்பாவை மறுபடி ஆட்டோவில் கூட்டிப் போனேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஏறும்போது அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். கார் திரும்பி வந்து இரண்டாவது வாரத்தில் புது சீலிலும் ஈரம் கசிந்தது. புது சீல் எப்படி இரண்டு வாரத்தில் கசியும் என்று நான் அன்றைக்கே உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். கெட்ட சீலாக இருக்கும் என்று நினைத்தேன். இடையில் ஆயில் ஊற்றி ஊற்றியே ஆறு லிட்டர் போனது, லிட்டர் 650 ரூபாய்.

அப்புறம் நானாகவே ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் விஷயத்தின் அடிப்படை புரிந்தது. எவ்வளவு புது இன்ஜினாக இருந்தாலும், பெட்ரோல் வெடிக்கும்போது அந்தப் பிரஷரில் கொஞ்சம் வாயு பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே கிராங்க்கேஸுக்குள், அதாவது கிராங்க் ஷாஃப்ட் சுற்றுகிற அறைக்குள் இறங்கும். எரியாத பெட்ரோல், புகைக்கரி, தண்ணீர் ஆவி எல்லாம் அதில் இருக்கும். டர்போ வண்டியில் சிலிண்டருக்குள் பிரஷர் அதிகம், அதனால் அழுத்தி ஓட்டும்போது இப்படி இறங்குகிற வாயுவும் அதிகம். இதை வெளியே எடுக்காவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமாக இருக்கிறதோ அந்த வழியாக ஆயிலைத் தள்ளும். அந்தக் காலத்து வண்டிகளில் ஒரு குழாயைக் கீழே ரோட்டைப் பார்த்துத் தொங்க விட்டுவிடுவார்கள், வாயு காற்றில் கலந்துவிடும். புகைமூட்டம் தாங்காமல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம்தான் 1961 மாடல் கார்களிலிருந்து அந்த வாயுவை இன்ஜினே திரும்ப இழுத்து எரிக்கிற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதுதான் பி.சி.வி. நம் ஊரிலும் பாரத் ஸ்டேஜ் மாசு விதிப்படி புதுக் கார் மாடல் அனுமதி பெறும்போது, கிராங்க்கேஸ் வாயு வெளியே வருகிறதா என்று தனியாக ஒரு சோதனை உண்டு.

டர்போ இல்லாத சாதாரண வண்டியில் இது சுலபம், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்புகிற இன்டேக் மேனிஃபோல்டில் பெரும்பாலும் இழுப்பு இருக்கும், அது வாயுவை இழுத்துக்கொள்ளும். டர்போ வண்டியில் அழுத்தி ஓட்டும்போது மேனிஃபோல்டில் இழுப்பு போய், டர்போ அழுத்தி அனுப்புகிற காற்றின் பிரஷர், அதாவது பூஸ்ட், வந்துவிடும். அதனால் இரண்டு வழி வைத்திருப்பார்கள். ஐடிலிலும் மெதுவாகப் போகும்போதும் சின்னக் குழாய் வழியாக மேனிஃபோல்டுக்கு. பூஸ்ட் வரும்போது பெரிய பிரீதர் ஹோஸ் வழியாக, டர்போவுக்கு முன்னால் இருக்கிற ஏர் பைப்புக்கு. சின்னக் குழாயில் ஒரு செக் வால்வு இருக்கும், பூஸ்ட் வரும்போது அது மூடிக்கொண்டு பிரஷர் திரும்பக் கிராங்க்கேஸுக்குள் போகாமல் தடுக்க வேண்டும். இன்ஜினின் மேல்மூடியான ஹெட் கவருக்குள் ஆயில் துளிகளைப் பிரித்துக் கீழே அனுப்புகிற ஒரு தடுப்பு அறை இருக்கும். இவ்வளவுதான் ஏற்பாடு.

படித்த அரைகுறை அறிவோடு நான் செய்த காரியம்தான் இருப்பதிலேயே மோசமானது. பிரீதர் வழியில் வருகிற ஆயில் ஆவியைப் பிடித்துவைக்கிற டப்பா, ஆயில் கேட்ச் கேன், போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆன்லைனில் ஒன்று வாங்கினேன், 1,900 ரூபாய். பளபளவென்று அலுமினிய டப்பா. உள்ளே தடுப்பு ஒன்றும் கிடையாது, வெறும் டப்பா. அதன் மூக்குகளின் உள்ளளவு 9 மி.மீ. என் வண்டியின் பெரிய பிரீதர் ஹோஸ் உள்ளளவு 19 மி.மீ. அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. 19 மி.மீ. வழி போகிற காற்றை 9 மி.மீ. ஓட்டையில் போகச் சொன்னால், குறுக்களவில் பாதி என்றாலும் பரப்பில் கால் பாகத்துக்கும் கீழே. இதற்கு 800 ரூபாய்க்கு சாதாரண ரப்பர் ஹோஸும் கிளிப்பும் வாங்கிக் கோர்த்தேன். ஒரு வீடியோவில் சொன்னார்கள் என்று பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரை வேறு டப்பாவுக்குள் அடைத்தேன். அந்த நாரிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து டர்போ வீலுக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. டப்பா போட்ட நாலாவது நாள், அக்டோபரில், எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒரு டிரெய்லரைத் தாண்ட அழுத்தினேன். பானெட்டுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம், கூடவே புகை. ஓரம் கட்டித் திறந்து பார்த்தால் டிப்ஸ்டிக் தானாகவே துள்ளி வெளியே வந்து கிடக்கிறது, இன்ஜின் முழுக்க, பானெட்டின் உள்பக்கம் முழுக்க ஆயில் தெளித்திருக்கிறது. ஆயில் எக்ஸாஸ்ட் மேல் சொட்டிப் புகைந்துகொண்டிருந்தது. தீப்பிடித்துவிடுமோ என்று கை நடுங்கியது. கடல் காற்றில் நின்று அது ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன், யாருக்குப் போன் செய்வது என்றே தெரியவில்லை.

வேறு ஒரு கேரேஜில் பார்த்தவர்கள் ரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜினை இறக்கி சிலிண்டர் போர் கடைகிற வேலை பார்க்க வேண்டும், ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று எடுத்துப் பார்க்காமலேயே சொன்னார்கள். அட்வான்ஸுக்காக என் மனைவி இரண்டு வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். "காருக்குத்தானே, அப்பாவுக்கு வேணும்ங்க" என்றாள். அடகுக்கடைச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏமாந்துகொண்டே இருக்கிறோம் என்பது தெரிகிறது, ஆனால் எங்கே ஏமாறுகிறோம் என்று தெரியவில்லை, அந்த நிலை ரொம்பக் கொடுமை.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் எங்கள் யார்டு டிரெய்லர் டிரைவர் ஒருவரிடம் புலம்பினேன். அவர் வியாசர்பாடியில் லாரி டர்போ வேலை பார்க்கிற ஒரு பாயிடம் கூட்டிப் போனார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், ஷெட் என்று சொல்ல முடியாது, நாலு தகரமும் ஒரு வேப்பமரமும்தான். நான் கதை முழுக்கச் சொன்னேன். இடையில் பேசவே இல்லை. முடித்ததும் ஒரே கேள்வி கேட்டார், "தம்பி, பிளாஸ்டிக் கவர் வச்சுப் பாத்தாங்கன்னு சொன்னியே, வண்டி நின்னுக்கிட்டு இருக்கும்போதா, ஓடும்போதா?" நிற்கும்போது என்றேன். "நிக்கும்போது மேனிஃபோல்டு இழுக்குது, கவர் உள்ளதான் போகும். புகை எப்ப வருது? மேடு ஏறும்போது. அப்ப பாத்தாங்களா?" என்றார். அந்தக் கேள்வியில் ஆறு மாதக் குழப்பம் எனக்கு விலகிப்போனது. நான் ஆரம்பத்திலிருந்து கண்ணால் பார்த்த வித்தியாசத்தைத்தான் அவர் கேட்டார்.

முதலில் நாலு பிளக்கையும் கழற்றிக் கம்ப்ரெஷன் எடுத்தார். 165, 170, 168, 172 பி.எஸ்.ஐ. நாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ரிங் நன்றாக இருக்கிறது, இன்ஜின் இறக்க வேண்டாம் என்றார். அந்தப் பத்து நிமிஷ வேலை ஒன்றரை லட்ச ரூபாய்ப் பேச்சை முடித்துவைத்தது. அப்புறம் கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற லெவல் டியூபை எடுத்தார், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப். ஒரு பலகையில் அதை 'ப' எழுத்தைக் கவிழ்க்காமல் நிற்கவைத்த மாதிரி இரண்டு கால்களாக மடக்கி ஒட்டி, பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் சென்டிமீட்டர் கோடு போட்டு, பாதி அளவுக்குச் சாயம் கலந்த தண்ணீர் ஊற்றினார். டியூபின் ஒரு முனை டிப்ஸ்டிக் குழாயில் இறுக்கமாக, இன்னொரு முனை காற்றில் திறந்தபடி. டிப்ஸ்டிக் பக்கம் போகிற டியூபில் நடுவே ஒரு காலி பாட்டிலை மாட்டினார். ஐடிலில் இழுப்பு அதிகமாக இருந்தால் தண்ணீர் நேராக இன்ஜினுக்குள் போய்விடும், இந்தப் பாட்டில் அதைப் பிடித்துக்கொள்ளும். நீங்களே செய்து பார்ப்பதாக இருந்தால் இந்தப் பாட்டிலை மறக்காதீர்கள். டியூப் சூடான எக்ஸாஸ்ட்டையோ பெல்ட்டையோ தொடாமல் கட்டுங்கள், ஓட்டுபவர் ஒருவர், பலகையைப் பார்ப்பவர் ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும்.

என் டப்பாவைக் கழற்றி எறிந்து பழைய ஹோஸையே மாட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு மாதவரம் 200 அடி ரோட்டுக்குப் போனோம். பாய் ஓட்டினார், பலகை என் மடியில். ஐடிலில் தண்ணீர் இன்ஜின் பக்கம் நாலு சென்டிமீட்டர் ஏறி நின்றது, உள்ளே இழுக்கிறது, நல்லது. நின்ற இடத்திலேயே நியூட்ரலில் ரேஸ் கொடுத்தார், பெரிதாக மாற்றம் இல்லை. சும்மா ரேஸ் கொடுத்தால் இன்ஜினுக்குப் பளு இல்லை, பூஸ்ட் வராது. பிறகு மூன்றாம் கியரில் 1,500 ஆர்.பி.எம்.மிலிருந்து முழுசாக அழுத்தினார். நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நொடி அசையாமல் இருந்தது, அப்புறம் திறந்த பக்கம் ஏறியது, ஏறிக்கொண்டே போய் முப்பது சென்டிமீட்டர் கோட்டைத் தாண்டி டியூபின் வாய் வழியாக என் சட்டை மேல் பீய்ச்சி அடித்தது. பாய் ஆக்சிலேட்டரை விட்டதும் மிச்சத் தண்ணீர் பின்வாங்கியது. ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது, அது நிம்மதியா ஆத்திரமா என்று தெரியவில்லை. ஆறு மாதமாக யாரும் காட்டாத பிரஷரைக் கண்ணால் பார்த்தேன்.

ஷெட்டுக்கு வந்து கழற்றியதும் மூன்று தப்பு கிடைத்தது. செக் வால்வைத் துடைத்து ஒரு சுத்தமான சின்ன டியூப் வழியாக ஊதச் சொன்னார். ஒரு பக்கம் மட்டும்தான் காற்று போக வேண்டும், என் வால்வில் இரண்டு பக்கமும் போனது. அதாவது அழுத்தும்போதெல்லாம் டர்போ பூஸ்ட் நேராக என் கிராங்க்கேஸுக்குள் போயிருக்கிறது. ஐடிலில் வால்வு திறந்துதான் இருக்க வேண்டும் என்பதால், பிளாஸ்டிக் கவர் சோதனையில் இது தெரியவே தெரியாது. இரண்டாவது, ஹெட் கவருக்குள் இருக்கிற தடுப்பு அறை கருப்புக் களிம்பால் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. விரலை விட்டு எடுத்தால் கண் மை மாதிரி ஒட்டியது. மூன்றாவது, பெரிய பிரீதர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் உள்தோல் ஆயிலில் ஊறி உப்பி, வழியைப் பாதியாக்கியிருந்தது. அதனால்தான் உள்ளே போன பிரஷருக்கு வெளியேற வழி இல்லை. டர்போவுக்குப் போகிற ஆயில் தானாக வழிந்து கீழே இன்ஜினின் ஆயில் தொட்டியான சம்புக்குத் திரும்ப வேண்டும், அதைத் தள்ள பம்ப் கிடையாது. கீழே பிரஷர் இருந்தால் ஆயில் இறங்காமல் டர்போவிலேயே தேங்கி சீலைத் தாண்டி ஏர் பக்கமும் எக்ஸாஸ்ட் பக்கமும் போகும். புது டர்போ போட்டாலும் இதே கதைதான், புது சீல் போட்டாலும் இதே கதைதான்.

ரிப்பேர் கணக்கு இது. ஹெட் கவர் தடுப்பு அறையோடு சேர்த்து ஒரே பீஸாகத்தான் வருகிறது, 11,800. செக் வால்வு 1,450. ஹோஸ், கிளிப் 2,300. பாயின் கூலி 2,500, அதற்கு மேல் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார். எல்லாம் 18,050 ரூபாய். மறுபடி அதே ரோட்டில் அதே பலகையோடு போனோம். முழுசாக அழுத்தியபோதும் தண்ணீர் இன்ஜின் பக்கம்தான் இரண்டு சென்டிமீட்டர் ஏறி நின்றது. பின் சீல் ஈரம் ஒரு வாரத்தில் நின்றுவிட்டது. இன்டர்கூலரைக் கழற்றித் தேங்கியிருந்த ஆயிலை வடித்தோம். அதைச் செய்யாமல் விட்டால் ரிப்பேர் முடிந்த பிறகும் கொஞ்ச நாள் புகை வந்துகொண்டே இருக்கும், சரியாகவில்லையோ என்று பயந்துவிடுவோம்.

இதற்குப் பிறகுதான் பாய் கேட்ச் கேன் பேச்சையே எடுத்தார். முதலில் கம்பெனி கொடுத்த ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்ய வேண்டும், அதற்கு மேல்தான் இம்ப்ரூவ் செய்வது. என் மாதிரி ஐடிலில் அதிகம் நிற்கிற, சின்னச் சின்னத் தூரம் ஓடுகிற வண்டிக்கு அது உதவும் என்றார். என் இன்ஜின் டைரக்ட் இன்ஜெக்ஷன், பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது, இன்டேக் வால்வின் முதுகைக் கழுவாது, அதனால் ஆயில் ஆவி அங்கே கரியாகப் படியும். அந்த ஆவியை வழியிலேயே பிடித்தால் நல்லதுதான். இந்த முறை 6,500 ரூபாய்க்கு உள்ளே தடுப்புத் தகடுகள் உள்ள டப்பா, மூக்கு 19 மி.மீ. ஹோஸ் ஆயில் தாங்குகிற நைட்ரைல் ரப்பர், உள்ளே இழுப்பு வந்தாலும் சப்பையாகாத தடிமன். டப்பாவை எக்ஸாஸ்ட் சூடு படாத, காற்றுப் படுகிற முன்பக்க மூலையில் மாட்டினோம், குளிர்ந்தால்தான் ஆவி துளியாகி விழும். ஹோஸ் எங்கேயும் தொட்டில் மாதிரி தொங்கக் கூடாது, தொங்கினால் அங்கே தண்ணீரும் ஆயிலும் தேங்கி வழியை அடைக்கும். டப்பாவிலிருந்து வெளியே வருகிற ஹோஸ் திரும்ப டர்போ ஏர் பைப்புக்கே போகிறது. சிலர் அதைக் கீழே காற்றில் விட்டுவிடச் சொல்வார்கள், வேண்டாம். விஷ வாயு வெளியே போகும், வண்டிக்குள் வாசனை வரும், டர்போ பைப்பின் இழுப்பு கிடைக்காமல் போகும், ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் கணக்கில் வராத காற்று புகுந்து செக் இன்ஜின் லைட் எரியவும் வாய்ப்பு உண்டு. மேனிஃபோல்டுக்குப் போகிற சின்னக் குழாயில் நான் டப்பா போடவில்லை. போடுகிறவர்கள் செக் வால்வு டப்பாவுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பூஸ்ட் டப்பாவுக்குள் போய் அதையே பிளந்துவிடும். கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறேன், இன்சூரன்ஸ்காரர்களோ கம்பெனி சர்வீஸோ கேட்டால் திரும்ப மாட்டிவிடலாம்.

டப்பா போட்டவர்கள் அதைக் காலி செய்ய மறந்தால் போடாமலே இருக்கலாம், நிரம்பினால் மொத்தமாக டர்போவுக்குள் போகும். நான் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை திறக்கிறேன். வெயில் காலத்தில் 40 மி.லி. போலக் கருப்பாக வருகிறது. மழைக்காலத்தில் 60 வரை போய், பால் கலந்த காபி நிறத்தில் பெட்ரோல் நாற்றத்தோடு வருகிறது. முதல் தடவை அந்த நிறத்தைப் பார்த்து ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டதோ என்று பதறிவிட்டேன். கூலன்ட் அளவு குறையவில்லை, டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தது, அது குளிர்ந்த ஆவித் தண்ணீர்தான். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் சேர்த்து, ஆயில் மாற்றும்போது ஷெட்டில் பழைய ஆயிலோடு கொடுத்துவிடுகிறேன். ஆயிலும் இப்போது 7,500 கிலோமீட்டருக்கே மாற்றுகிறேன், என் வண்டி கிலோமீட்டர் கணக்கை விட நின்று ஓடுகிற நேரம் அதிகம் என்பதால்.

வளையலை அடகு வைத்த பணம் அட்வான்ஸுக்குப் போகவில்லை, அந்தப் பணத்தில்தான் பாய் வேலை நடந்தது. பொங்கலுக்கு முன் மீட்டுவிட்டேன். பலகையும் டியூபும் இப்போது என் டிக்கியில் இருக்கின்றன. போன மாதம் பக்கத்துத் தெருவில் டாக்ஸி ஓட்டுகிற தம்பி ஒருவர், தன் டர்போ டீசல் வண்டியில் இன்ஜின் பக்கவாட்டில் ஆயில் கசிகிறது, டர்போதான் காரணம் என்று சொல்கிறார்கள் என்று வந்தார். ஞாயிறு காலை 200 அடி ரோட்டுக்குக் கூட்டிப் போனேன். ஐடிலிலும் சரி, அழுத்தும்போதும் சரி, தண்ணீர் இரண்டு சென்டிமீட்டர்கூட அசையவில்லை. பிரஷர் இல்லை, டர்போவைத் தொட வேண்டாம் என்று பாயிடம் அனுப்பினேன். டேப்பட் கவர், அதாவது ஹெட் கவர் பேக்கிங் காய்ந்து வெடித்திருந்தது, 900 ரூபாயோடு அன்றைக்குச் சாயங்காலமே டூட்டிக்குப் போய்விட்டார்.